கவுன்டர் வரைக்கும் வந்தவர்

விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருந்த பெண் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக்கொண்டாள். மனைவியுடையதைத் திறந்து பார்த்து, கணினியில் ஏதோ தட்டி, ஓரமாக வைத்தாள். அடுத்து கணவருடையதைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், விசா ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்த்தாள், மறுபடியும் முதல் பக்கத்துக்கே வந்தாள். பிறகு, "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து உள்ளே போனாள்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர்கள் நல்ல சேதியோடு திரும்புவதில்லை என்று ஹலோக்காவுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக அவள் பாதி ஆயுளைக் கழித்தவள். எந்த வார்டுக்கு லைன் கேட்டாலும் முதலில் கேட்பது அவளுடைய "ஹலோ"தான் என்பதால் நர்சுகள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். நாளடைவில் டாக்டர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் ஹலோக்காதான்.

அவளுடைய கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கே மாஸ்டர். மற்ற நேரமாக இருந்தால் கவுன்டரில் கையூன்றி, என்ன விஷயம், ஏது விஷயம் என்று நாலு கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. டிராலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பெண் ஒரு மேலதிகாரியோடு திரும்பி வந்தாள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நீங்கள் போகிற நாட்டின் விதிப்படி, அங்கே இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அம்மாவுடையது சரியாக இருக்கிறது. சாருடையதில் அந்த ஆறு மாதம் இல்லை. விசா இருக்கிறதே என்றால், விசா கொடுத்தபோது போதுமான காலம் இருந்தது, இப்போது இல்லை. ஏற்றி அனுப்பினால் அங்கே இறங்கியதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விசா கையில் கிடைத்தபோதே கிளம்பியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. கூட வேலை பார்க்கும் ஆபரேட்டர் பிரசவ லீவில் போய்விட்டதால் ஹலோக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள். விசாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று இருவரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டின் ஆயுள் மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்தது.

"சரி வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"நீ போய்ட்டு வா" என்றார் மாஸ்டர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. தனியாக எப்படிப் போவேன், வழியில் விமானம் வேறு மாற வேண்டுமே, அங்கே கேள்வி கேட்பார்களாமே என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். விமானம் மாறுகிற இடத்தில் அம்புக்குறியைப் பார்த்துப் போனால் போதும். கேள்வி கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். திரும்பி வருகிற டிக்கெட், இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி கொடுத்த லீவு கடிதம், அவளுடைய அக்கா அங்கிருந்து அனுப்பிய அழைப்புக் கடிதம், எல்லாம் அவள் கைப்பையிலேயே இருக்கிறது.

"உங்க அக்கா அங்க வந்து காத்துக்கிட்டு நிப்பாங்க" என்றார் கடைசியாக. "ரெண்டு பேருமே வரலைன்னா அது வேற மாதிரி ஆகிடும்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கவுன்டர் பெண் ஒரு பெட்டியை மட்டும் தராசில் ஏற்றினாள். அது அவளுடைய பெட்டி. பிரித்தெடுக்க, மாற்றி வைக்க, ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரத்துப் பதற்றத்தில் அவள் அதை யோசிக்கவில்லை.

இமிகிரேஷன் வாசல் தடுப்பு வரைக்கும் மாஸ்டர் கூட வந்தார். அதற்கு மேல் விடமாட்டார்கள். வழக்கம்போல ஏதாவது அறிவுரை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹலோக்காவுக்கு உடன்பிறந்தவள் அந்த ஒருத்திதான். வேலைக்கென்று வெளிநாடு போனவள், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு அந்தச் சமையலறைக்கே பொறுப்பாளாக ஆனாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. அவள் போன சில வருஷத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது தங்கையும் மாஸ்டரும்தான். பெற்ற மகன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிற அளவுக்கு மாஸ்டர் பார்த்துக்கொண்டார். அம்மா இறந்தபோது அக்கா வரவில்லை. அப்போது அவளுடைய தங்கும் அனுமதி புதுப்பிப்பில் இருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் போனில் அழுதாள்.

பல நாள் தூக்கம் கெட்டுப் போயிருந்த மாஸ்டர், மனைவி கையிலிருந்து போனை வாங்கி, "அனுமதியெல்லாம் மனசு இருக்கிறவங்களுக்குத் தானாக் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அக்கா அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. அனுமதி கிடைத்து, எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம் என்ற நிலை வந்த பிறகும் வரவில்லை. தங்கையிடம் மட்டும் பேசுவாள். பேச்சில் அவர் பெயர் வந்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிடுவாள். வருஷங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் மாஸ்டரே, லீவு போடு, ரெண்டு பேரும் போய் உங்க அக்காவைப் பார்த்துட்டு வரலாம் என்று சொன்னபோது ஹலோக்கா தன் காதையே நம்பவில்லை. விசாவுக்கு வேண்டிய தாளையெல்லாம் அவர்தான் அலைந்து திரிந்து சேர்த்தார். அழைப்புக் கடிதத்தில் அக்கா இருவர் பெயரையும் எழுதியிருந்ததைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி அதை இரண்டு முறை படித்தார்.

விமானத்தில் ஹலோக்காவுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. சாப்பாடு கொடுக்க வந்த பெண் அங்கே யாரும் இல்லையா என்று கேட்டதும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கே இறங்கியபோது மதியம். இமிகிரேஷன் வரிசை அனுமார் வால் மாதிரி வளைந்து வளைந்து போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளம் வயதுக்காரர், தூக்கக் கலக்கத்தில் இருந்தார். எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் கணவரும் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறாரே, அவர் எங்கே என்றார். அவள் இருக்கிற ஆங்கிலத்தை வைத்து, அவர் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் இல்லை, அதனால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். ஊரில் என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், லீவு முடிந்ததும் போகாவிட்டால் என் டெலிபோன் போர்டில் உட்கார ஆள் இருக்காது என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே தெரியாமல் வேலைநேரத்துக் குரல் வந்துவிட்டது. அவசரப்படாத, பதறாத குரல். அதிகாரி ஒரு முத்திரையைக் குத்தி, அக்காவோடு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போங்கள் என்றார்.

வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு அக்கா தங்கையின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

ஹலோக்கா நடந்ததைச் சொன்னாள். அக்காவின் முகம் சுருங்கியது. கார் வரைக்கும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியை ஓட்டி வெளியே கொண்டுவந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கத்துக்க வர்றவங்க லைசென்ஸ் ஒருநாள் தாண்டியிருந்தாக்கூட வண்டியில ஏத்தமாட்டார்னு முன்னாடியெல்லாம் நீதானே சொல்லுவ. அவருக்கா அவரோட பாஸ்போர்ட் தேதி தெரியாது?"

"மறந்திருப்பாருக்கா."

"வர இஷ்டமில்ல. அதை வாய்விட்டுச் சொல்லவும் மனசில்ல. கவுன்டர்ல இருக்கிறவங்க மேல பழியைப் போட்டுட்டார்."

ஹலோக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரே மாதிரி கூரை போட்ட வீடுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அக்கா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு மாணவனின் லைசென்ஸும் என்றைக்கு முடிகிறது என்று விரல் நுனியில் வைத்திருக்கிற மனுஷன் அவர்.

அக்காவின் வீடு இரண்டே அறை. ஜன்னலோரம் ஒரு கட்டில், சின்ன சமையலறை, துணி காயப்போட வீட்டுக்குள்ளேயே ஒரு கொடி. அக்கா டீ போடப் போனாள். ஹலோக்கா மாற்றுத்துணி எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டியை அடுக்கியது மாஸ்டர். எங்கே போனாலும் அவர்தான் அடுக்குவார். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். இருவர் துணியையும் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பெட்டியிலும் வைப்பார். ஒரு பெட்டி தொலைந்தாலும் இருவருக்கும் உடுத்த ஒன்று இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதில் மாற்றமே கிடையாது. அவருடைய பனியனுக்கும் வேட்டிக்கும் நடுவில் தன் புடவையைத் தேடி எடுப்பதுதான் அவளுக்குப் பழக்கம். இந்தப் பெட்டியில் அவருடைய கைக்குட்டைகூட இல்லை. அவளுடைய துணி, அவளுடைய மாத்திரை, அவளுடைய குளிர்ச் சட்டை, அக்காவுக்கென்று வாங்கிய சாமான்கள், எல்லாம் ஒன்று விடாமல் இருந்தன.

டீயோடு வந்த அக்கா, என்னடி ஆச்சு என்று கேட்டாள். சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொல்லலையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

ஹலோக்கா போனை எடுத்தாள். பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா என்று மாஸ்டர் ஆரம்பித்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்படித்தானே?"

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார். "போன வாரம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பார்த்தேன். உடனே பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஓடினேன். எவ்வளவு அவசரமா கொடுத்தாலும் கிளம்புறதுக்குள்ள புதுசு வராதுன்னுட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கிளம்பியிருப்பியா? ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்னு டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருப்ப. உனக்கு மறுபடி லீவு கிடைக்காது. இப்பவும் நான்தான் குறுக்க நின்னேன்னு உங்க அக்கா நினைப்பாங்க. ஒருவேளை கவனிக்காம விட்டுடுவாங்களோன்னு ஒரு நப்பாசை. விடலைன்னாலும், அதுவரைக்கும் வந்தாச்சுன்னா நீ ஏறிடுவேன்னு நினைச்சேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

"நான் என்ன உங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வந்த ஆளா? பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ஸ்டியரிங்கை நீங்களே பிடிச்சுத் திருப்புறதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தனியா போறியான்னு கேட்டிருக்கலாம். போறேன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. வழி முழுக்க, பாவம் இவரை விட்டுட்டு வந்துட்டோமேன்னு நான் அழுதுக்கிட்டு வந்தேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தப்புதான்" என்றார் மாஸ்டர். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் அதிகம் கேட்டதில்லை. அவளுக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். ஹலோக்கா தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தாள்.

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டாளே தவிர, பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தத்திலேயே ஆள் மாறிவிட்டதை மாஸ்டர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"அண்ணி," என்றார். ஸ்பீக்கர் போடாமலே ஹலோக்காவுக்கு அது கேட்டது. "வர முடியலன்னு அன்னைக்கு நீங்க சொன்னப்போ, வர மனசில்லன்னுதான் நான் நினைச்சேன். இன்னைக்கு அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டை மூடி என் கையில கொடுத்தா பாருங்க, அப்ப..."

அக்கா ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் குரல் வந்தபோது சமையலறையில் ஆட்களுக்கு வேலை சொல்கிற குரலாக வந்தது.

"புது பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிப் போடுங்க. பழசை ரத்து பண்ணி உங்ககிட்டயே திருப்பிக் கொடுப்பாங்க. அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. விசா அதுலதான் இருக்கு. இங்க வரும்போது ரெண்டையும் சேர்த்துக் காட்டணும். அப்படி விடுவாங்களான்னு அங்க இருக்கிற இந்த நாட்டுத் தூதரகத்துல நானும் ஒருதடவை கேட்டுச் சொல்றேன்."

"சரிங்க அண்ணி."

"இன்சூரன்ஸையும் புது நம்பருக்கு மாத்தணும். மறந்துடாதீங்க."

"சரிங்க."

எதிர்முனையில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் மறுபேச்சு இல்லாமல் மாஸ்டர் சரி சொல்வதை ஹலோக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அக்காவும் தங்கையும் பேசித் தீர்த்தார்கள். காலையில் அக்கா வேலைக்குப் போய்விடுவாள். ஹலோக்கா வீட்டைப் பெருக்கி, துணியை மடித்து, பக்கத்துத் தெருப் பூங்கா வரைக்கும் தனியாக நடந்துவிட்டு வருவாள். முதல்நாள் பயந்து பயந்து போனவள், பிறகு பஸ் ஏறி ஆற்றங்கரை வரைக்கும் போகிற அளவுக்குத் தேறிவிட்டாள். பாலத்தின்மேல் நின்று, கீழே படகுகள் போவதை வேடிக்கை பார்ப்பாள். யாருக்கும் லைன் கொடுக்க வேண்டாத பகல்கள் அவளுக்கு விநோதமாக இருந்தன, பிடித்தும் இருந்தன. சாயங்காலம் அக்கா வந்ததும் பேச்சு தொடங்கும். மாஸ்டரும் கூட வந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காகக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும்.

ஒரு சாயங்காலம் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா கடைசியாகக் கிடந்தது ஹலோக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில். அக்காவின் போன் தினமும் அவள் போர்டுக்குத்தான் வரும். அவள்தான் வார்டுக்கு இணைத்துக் கொடுப்பாள்.

"லைன் கொடுத்ததோட சரி. ஒருநாளும் நான் ஒட்டுக் கேட்டதில்லக்கா" என்றாள். "அம்மா உன்கிட்ட என்ன பேசுவாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அக்கா கையிலிருந்த காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாதி நேரம் உன் வீட்டுக்காரரைப் பத்திதான். இன்னைக்கு மாஸ்டர் தலை வாரிவிட்டாரு. இன்னைக்கு மாஸ்டர் மாடி வரைக்கும் தூக்கிக்கிட்டே ஏறினாரு. லிஃப்ட் வேலை செய்யலைன்னா என்ன, எனக்குத்தான் மாஸ்டர் இருக்காரேன்னு சிரிப்பாங்க." நறுக்கிய காயை ஓரமாக ஒதுக்கினாள். "அன்னைக்குப் போன்ல வேற யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா, போடான்னு விட்டிருப்பேன். அம்மாவைத் தூக்கிச் சுமந்தவர் சொல்லிட்டாரு. அவரை வெறுக்கவும் முடியல, மறக்கவும் முடியல."

ஹலோக்கா எழுந்துபோய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதிக் காயை அவள் நறுக்கினாள்.

தூதரகத்தில் விசாரித்து, இரண்டு பாஸ்போர்ட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று உறுதியானதும், அக்காவே மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அதன் பிறகு நாள் தவறாமல் ஏதாவது ஒரு சந்தேகம் கேட்டு அவரும் போன் பண்ணினார். பாதிக் கேள்விகள் அவருக்கே பதில் தெரிந்தவை என்பது ஹலோக்காவுக்குப் புரிந்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை. மனைவியிடம் அவருக்கிருந்த பயம் இன்னும் தெளியவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்பு அவளைக் கூப்பிட்டு, எந்த நாள் போடட்டும், உனக்கு எது சௌகரியம் என்று கேட்டார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மறுநாள்தான் பதில் சொன்னாள். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் காத்திருக்கட்டும் என்று இருந்தது.

அவளுடைய லீவின் கடைசி வாரத்தில் மாஸ்டர் வந்து இறங்கினார். இமிகிரேஷனில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் புரட்டி, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டு, வெகுநேரம் நிற்க வைத்துத்தான் விட்டார்களாம். வெளியே வந்தவர் அக்காவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஏதோ சொல்ல வந்தார். அக்கா, "முதல்ல பெட்டியைக் கொடுங்க தம்பி, பார்க்கிங் நேரம் முடியப்போகுது" என்று அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். வண்டியின் முன் இருக்கையில் உட்காரச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

அங்கே வண்டிகள் நம் ஊருக்கு நேர்மாறாக, ரோட்டின் வலது பக்கமாக ஓடின. ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டரின் உடம்பு விறைத்தது. கத்துக்கொடுக்கிற வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இந்த வண்டியில் இல்லாத அந்தப் பிரேக்கை அவருடைய கால் தேடித் தேடி மிதித்தது.

அக்கா ரோட்டைப் பார்த்தபடியே, "என்ன தம்பி, பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டாள்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "கியர் மாத்துறது நல்லாயிருக்கு. கண்ணாடி பார்க்கிறதுதான் கொஞ்சம் பத்தல" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பின் இருக்கையில் இருந்த ஹலோக்கா இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, பசிக்கிறது, வீட்டுக்குப் போகிற வழியில் எங்கேயாவது நிறுத்துங்கள் என்றாள்.